கெர்பல், ஆர்பிட்டர் ஆடுபவர்களுக்கு: நிஜ விண்கலங்களைப் பின்தொடர உதவும் இலவசச் சேவைகள், ஒரு மதிப்பீடு

"விண்கலம் வெற்றிகரமாக நிலவின் சுற்றுப்பாதையில் நுழைந்தது" என்ற செய்தி சாதாரண வாசகருக்குப் போதும். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் விளையாட்டில் நூறு மணி நேரம் கழித்தவருக்கு அது பாதிச் செய்திதான். எத்தனை டெல்டா-வி, அதாவது எஞ்சினால் வரும் வேக மாற்றம், செலவானது? எஞ்சின் எத்தனை நிமிடம் எரிந்தது? பாதையின் மிக நெருங்கிய புள்ளியான பெரியாப்சிஸ் எங்கே இருக்கிறது? விளையாட்டு இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்கிவிடுகிறது, செய்தித்தாள் பதில் சொல்வதில்லை. பதில் சொல்லும் இலவசச் சேவைகள் இருக்கின்றன. அவற்றில் நான்கைந்தை, சிமுலேட்டர் ஆடுபவரின் கண்ணோடு மட்டும் இங்கே எடைபோடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பார்க்க மிக அழகானது நாசாவின் 'ஐஸ் ஆன் தி சோலார் சிஸ்டம்'. ஆடுபவருக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுதான். பார்க்க மிக அசிங்கமானது நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் 'ஹொரைசான்ஸ்'. ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஐஸ் பற்றிச் சுருக்கமாக. உலாவியிலேயே ஓடும் முப்பரிமாண சூரியக் குடும்பம் அது. கலத்தைச் சொடுக்கினால் அதன் அருகே போய் நிற்கலாம், நேரத்தை முன்னும் பின்னும் ஓட்டலாம். யூரோப்பா கிளிப்பர் ஏன் வியாழனுக்கு நேராகப் போகாமல் செவ்வாயையும் பூமியையும் சுற்றிக்கொண்டு போகிறது என்று வீட்டில் யாராவது கேட்டால், இதைத் திறந்து காட்டினால் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் பர்ன், அதாவது எஞ்சின் எரிப்பு, எங்கே நடந்தது என்ற குறி கிடையாது, டெல்டா-வி கிடையாது, சுற்றுப்பாதை எண்களை எடுத்துப்போகவும் வழியில்லை. விளையாட்டில் பர்னைத் திட்டமிட உதவும் மனூவர் நோட் இல்லாத மேப் வியூ, அதாவது வெறும் வரைபடத் திரை, என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹொரைசான்ஸ்: ஐந்து பெட்டிகள்

ஹொரைசான்ஸ் பக்கத்தில் படம் எதுவும் இல்லை. ஐந்து பெட்டிகளை நிரப்பினால் எண்கள் கொட்டும். முதல் பெட்டியில் எந்த வகை அட்டவணை என்று சொல்ல வேண்டும்: 'அப்சர்வர்' வானத்தில் எங்கே தெரியும் என்பதற்கு, 'வெக்டார்' இடமும் வேகமும் வேண்டுபவருக்கு, 'ஆர்பிட்டல் எலிமென்ட்ஸ்' பாதையின் அளவு, வடிவம், சாய்வு சொல்லும் சுற்றுப்பாதைக் கூறுகளுக்கு. ஆடுபவருக்குப் பின்னிரண்டும் போதும். இரண்டாவது பெட்டி இலக்கு, மூன்றாவது மையம், நான்காவது காலம், ஐந்தாவது அலகும் தளமும்.

விண்கலங்களுக்கு இங்கே எதிர்மறை எண்கள். வாயேஜர் 1 என்றால் -31, வாயேஜர் 2 என்றால் -32, ஜூனோ -61, பார்க்கர் -96, நியூ ஹொரைசான்ஸ் -98, ஜேம்ஸ் வெப் -170, யூரோப்பா கிளிப்பர் -159, ஐரோப்பாவின் ஜூஸ் -28. பெயரை அடித்தும் தேடலாம், ஆனால் ஒரே பெயரில் குறுங்கோளும் கலமும் இருந்தால் குழப்பம் வரும். எண்ணே நல்லது.

கை பழக ஒரு பயிற்சி. இலக்கு -96, மையம் 500@10, அதாவது சூரியனின் மையம். காலம் 2024 டிசம்பர் 24, இடைவெளி 10 நிமிடம், அட்டவணை வெக்டார், அலகு கிலோமீட்டரும் நொடியும். பார்க்கர் சூரிய ஆய்வுக்கலம் அன்று சூரியனுக்கு 61 லட்சம் கி.மீ. அருகே போனது, வேகம் மணிக்கு 6,92,000 கி.மீ. என்று நாசா அறிவித்திருந்தது. அட்டவணையில் தூரம் 'ஆர்ஜி' என்ற இடத்தில் இருக்கும். அங்கே 68 லட்சத்துக்கு மேல் வருவதைப் பார்த்து ஏதோ தவறு என்று நினைக்க வேண்டாம். அறிவிப்பு சூரியனின் மேற்பரப்பிலிருந்து கணக்கிட்டது, ஹொரைசான்ஸ் மையத்திலிருந்து. இடையே ஏறக்குறைய 7 லட்சம் கி.மீ. சூரிய ஆரம். கெர்பலில் திரையில் காணும் பெரியாப்சிஸ் உயரத்துக்கும் கோப்பில் எழுதப்படும் அரைநெட்டச்சுக்கும் (நீள்வட்டத்தின் நீளத்தில் பாதி) உள்ள அதே வேறுபாடு. வேகத்துக்குத் தனி இடம் இல்லை. மூன்று திசை வேகங்களையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நொடிக்கு ஏறக்குறைய 192 கி.மீ. வந்தால் எல்லாம் சரி. பக்கத்திலேயே இருக்கும் 'ஆர்ஆர்' என்பதை வேகம் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அது சூரியனை நோக்கி நெருங்கும் அல்லது விலகும் வேகம் மட்டும். பெரியாப்சிஸில் அது பூச்சியத்தைத் தொடும். அந்த இடத்தை வைத்தே நெருங்கிய கணத்தைக் கண்டுபிடிக்கலாம்.

எலிமென்ட்ஸ் அட்டவணையில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். காரணம் ஒன்றே ஒன்று: தவறான மையம். ஹொரைசான்ஸ் தருவது அந்தக் கணத்துக்கு மட்டும் பொருந்தும் கூறுகள். நீங்கள் சொன்ன மையத்தைத் தவிர வேறு எதுவும் இழுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. 2025 மார்ச் 1 அன்று யூரோப்பா கிளிப்பர் செவ்வாயை 884 கி.மீ. உயரத்தில் கடந்தது. அன்றைய கூறுகளைச் சூரிய மையத்தில் கேட்டால் ஒவ்வொரு வரியிலும் அரைநெட்டச்சு தாவித் தாவி ஓடும். அந்த எண்களுக்குப் பொருளே இல்லை. மையத்தை 500@499 என்று செவ்வாய்க்கு மாற்றி, இடைவெளியை ஒரு நிமிடமாக்குங்கள். பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்லும் மையத்தொலைத்தகவு 1-க்கு மேல், அதாவது மூடாமல் திறந்து போகும் அதிபரவளையம். 'க்யூஆர்' என்ற பெரியாப்சிஸ் தூரம் செவ்வாயின் ஆரத்தையும் சேர்த்து 4,270, 4,280 வாக்கில். கெர்பலில் ஈர்ப்பு எல்லைக்குள் நுழைந்ததும் பாதையின் நிறம் மாறுமே, அந்த வேலையை இங்கே கையால் செய்கிறோம்.

இதையே நீட்டினால் ஈர்ப்பு உந்துதலின் விலையையும் கணக்கிடலாம். ஃப்ளைபைக்கு, அதாவது கோளை உரசிக் கடப்பதற்கு, இருபது நாள் முன்பும் இருபது நாள் பின்பும் சூரிய மையத்தில் கூறுகளை எடுத்து ஒப்பிடுங்கள். அரைநெட்டச்சு கூடியதா குறைந்ததா என்பதே விடை. எல்லா உந்துதலும் வேகம் கூட்டத்தான் என்று நம்புபவர்களுக்கு ஜூஸ் கலம் நல்ல மருந்து. 2024 ஆகஸ்ட் 19, 20 தேதிகளில் அது முதலில் நிலவையும் அடுத்த நாள் பூமியையும் உரசிப்போனது. பூமி அதன் வேகத்தைக் குறைத்தது. வெள்ளியை நோக்கி உள்ளே விழ வேண்டியிருந்ததால் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. கோளுக்கு முன்னால் கடந்தால் குறையும், பின்னால் கடந்தால் கூடும் என்று விளையாட்டில் படித்த அதே பாடம்.

எலிமென்ட்ஸே உதவாத இடமும் உண்டு. ஜேம்ஸ் வெப் கலத்தைப் பூமி மையத்தில் கேட்டாலும் சூரிய மையத்தில் கேட்டாலும் கிடைக்கும் நீள்வட்டம் சில நாள்களில் பொய்யாகிவிடும். அது பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து உண்டாக்கும் எல்2 புள்ளியைச் சுற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வளைய வருகிறது. கலமும் ஒரே ஒரு மையமும் மட்டும் உள்ள இருபொருள் கணக்கில் எல்2 என்ற இடமே கிடையாது. அதனால்தான் மோட், அதாவது ரசிகர்கள் எழுதும் கூடுதல் நிரல், எதுவும் சேர்க்காத கெர்பலில் வெப் பயணத்தைச் செய்ய முடியாது. எல்2 புள்ளியும் ஹொரைசான்ஸில் ஓர் இலக்காக இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மையத்தில் வெக்டார் எடுத்துக் கழித்து வரைந்தால் அந்த வளையம் தெரியும். இன்னொரு சுவையான செய்தி: வெப் தன் எஞ்சினைச் சூரியனை விட்டு விலகிய பக்கம் திருப்பவே கூடாது, திருப்பினால் தொலைநோக்கி வெயிலில் காயும். ஆகவே எல்2-வைத் தாண்டிப் போய்விட்டால் பிரேக் போட வழியில்லை. ஏரியான் ராக்கெட்டை வேண்டுமென்றே கொஞ்சம் குறைவாகத் தள்ளவைத்து, மீதியைக் கலமே சிறு பர்ன்களில் சேர்த்துக்கொண்டது. வேகத்தைக் குறைக்கத் திருப்பும் ரெட்ரோகிரேடு பொத்தான் இல்லாமல் ஆடிப்பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும்.

அடிக்கடி வரும் பிழைச்செய்தி, இந்தத் தேதிக்குப் பிறகு இந்த இலக்குக்கு அட்டவணை இல்லை என்பது. ஹொரைசான்ஸ் கலத்தின் எதிர்காலத்தைத் தானாகக் கணிப்பதில்லை, திட்டக்குழு தந்த கோப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரைதான். பல கலங்களுக்கு, விடையின் தலைப்பகுதியில் எந்தக் கோப்பு எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்ற பட்டியல் இருக்கும். அதை முதலில் படியுங்கள். இரண்டு கோப்புகள் ஒட்டும் இடத்தில் பாதை சிறிது குதிக்கலாம். அதைப் பார்த்துவிட்டு ரகசியமாக ஒரு பர்ன் நடந்திருக்கிறது என்று அறிவிப்பவர்கள் அவ்வப்போது கிளம்புவார்கள்.

நேரமும் ஒரு பொறிதான். வெக்டாரும் எலிமென்ட்ஸும் இயல்பாக வருவது டிடிபி என்ற வானியல் நேரத்தில். செய்திகளில் வரும் யுடிசியைவிட அது 69 நொடி முன்னால் ஓடுகிறது. கோள்களுக்கு இடையே மிதக்கும் கலத்துக்கு யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் பூமியைச் சுற்றும் கலம் 69 நொடியில் 530 கி.மீ. போயிருக்கும்.

எண்களை விளையாட்டுக்குள் கொண்டுபோவது

ஆர்பிட்டர்தான் இதற்கு வசதி. மார்ட்டின் ஷ்வைகர் எழுதிய இந்த இலவச சிமுலேட்டர் 2000-இலிருந்து இருக்கிறது, 2021-இல் மூலநிரலும் திறந்துவிடப்பட்டது. கோள்கள் நிஜ இடங்களில், எல்லாவற்றின் ஈர்ப்பும் கலத்தின்மீது. சீனாரியோ கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு, நோட்பேடில் திறந்து திருத்தலாம். இடத்தையும் வேகத்தையும் எழுதும் இரண்டு வரிகளுக்கு ஹொரைசான்ஸ் வெக்டாரை, பூமி சூரியனைச் சுற்றும் எக்லிப்டிக் தளத்தில் எடுத்து, கிலோமீட்டரை மீட்டராக்கி, ஒய்யையும் இசட்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும். ஆர்பிட்டரின் அச்சுகள் இடக்கை முறை. அங்கே ஒய்தான் வடக்கு. மாற்ற மறந்தால், தட்டையாகப் போகவேண்டிய பாதை துருவத்துக்கு மேலே செங்குத்தாக எழுந்து நிற்கும். பார்த்தவுடனே தெரிந்துவிடும் தவறு என்பது ஒரு நிம்மதி.

பார்த்தவுடன் தெரியாத தவறு, கூறுகளாக எழுதும் முறையில் இருக்கிறது. ஆர்பிட்டர் கேட்பது பெரியாப்சிஸின் கோணத்தை அல்ல, அதன் தீர்க்கரேகையை. ஹொரைசான்ஸின் 'ஓஎம்' (ஏறுகணுவின் தீர்க்கரேகை), 'டபிள்யூ' (பெரியாப்சிஸின் கோணம்) இரண்டையும் கூட்டினால் அது கிடைக்கும். கடைசிக் கோணமும் சராசரித் தீர்க்கரேகை, அதாவது மேலே கூட்டியதோடு சராசரிப் பிறழ்கோணமான 'எம்ஏ'வையும் கூட்ட வேண்டும். 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழியுங்கள். தேதி எம்ஜேடி என்ற நாள் எண்ணில்: ஹொரைசான்ஸ் தரும் ஜூலியன் நாளிலிருந்து 24,00,000.5-ஐக் கழித்தால் போதும். இந்தக் கூட்டல்களைச் செய்யாமல் அப்படியே ஒட்டினால் நீள்வட்டத்தின் அளவும் சாய்வும் சரியாக இருக்கும், ஆனால் திசை திரும்பியிருக்கும். நேரம் ஓடி, கலம் கோளைச் சந்திக்காமல் போகும்போதுதான் சந்தேகமே வரும்.

கெர்பலில் வேலை கூடுதல். அங்கே கெர்பினின் ஆரம் 600 கி.மீ., தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 3,400 மீ/வி போதும், பூமிக்கோ 9,300-க்கு மேல். ஆகவே ரியல் சோலார் சிஸ்டம் மோட் இல்லாமல் நிஜ எண்களுக்கு அர்த்தமில்லை. அந்த மோடில் அடிப்படைத் தளம் பூமியின் நிலநடுக்கோடு, எக்லிப்டிக் அல்ல. ஹொரைசான்ஸின் ஐந்தாவது பெட்டியில் தளத்தை மாற்றாமல் விட்டால் 23.4 டிகிரி சாய்ந்த பாதை கிடைக்கும். சேமிப்புக் கோப்பின் ஆர்பிட் பகுதியில் அரைநெட்டச்சு மீட்டரில், மூன்று கோணங்கள் டிகிரியில், ஆனால் சராசரிப் பிறழ்கோணம் மட்டும் ரேடியனில். ஏன் என்று கேட்காதீர்கள். கால எண் 1951 ஜனவரி 1 தொடங்கி எண்ணும் நொடிகள். ஜூலியன் நாளிலிருந்து 24,33,647.5-ஐக் கழித்து 86,400-ஆல் பெருக்குங்கள். கோப்பைத் தொடும் முன் நகல் எடுத்து வைப்பது சொல்லாமலே தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் நிலா கைவிடும். நிஜ நிலவின் பாதை 18.6 ஆண்டுக்கு ஒருமுறை திருகிச் சுற்றுகிறது. மோடில் அது தண்டவாளத்தில் ஓடும் ரயில், திருகுவதே இல்லை. 1951-ஐவிட்டு எவ்வளவு தள்ளிப்போகிறீர்களோ அவ்வளவு பிசகு. 2023-இன் சந்திரயான் பாதையை வைத்தால் நிலா வேறெங்கோ இருக்கும். பிரின்சிபியா மோட் பல்பொருள் ஈர்ப்பைக் கொண்டுவந்து இதைத் தீர்க்கிறது. ஆனால் அதன்பின் மனூவர் திட்டமிடுவதே புதிதாகக் கற்கவேண்டிய வித்தையாகிவிடும்.

அறிவிப்பு எண்களிலிருந்து டெல்டா-வி

இஸ்ரோவைப் பாராட்ட வேண்டிய இடம் இது. ஒவ்வொரு பர்னுக்குப் பின்னும் பெரியாப்சிஸ், மிகத் தொலைவுப் புள்ளியான அபோயாப்சிஸ் இரண்டையும் எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். அது போதும், மீதியை விஸ்-விவா சமன்பாடு பார்த்துக்கொள்ளும்: வேகத்தின் வர்க்கம் = மையப்பொருளின் ஈர்ப்பு எண் × (2/தூரம் − 1/அரைநெட்டச்சு). பூமிக்கு அந்த எண் 3,98,600, நிலவுக்கு 4,903.

சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 5 அன்று 164 × 18,074 கி.மீ. பாதையில் நிலவைப் பிடித்தது. மறுநாள் 170 × 4,313. நிலவின் ஆரம் 1,737-ஐக் கூட்டிக் கணக்கிட்டால் பெரியாப்சிஸில் வேகம் 2.17-இலிருந்து 1.98 கி.மீ./வி ஆகியிருக்கிறது. பர்ன் சுமார் 190 மீ/வி.

இன்னும் சுவையானது மங்கள்யான். 2013 நவம்பர் 11 அன்று நான்காவது பர்னில் அபோயாப்சிஸ் ஒரு லட்சம் கி.மீ. எட்ட வேண்டும். 71,623-இலிருந்து 78,276 வரைதான் ஏறியது. எரிபொருள் ஓட்டத்தைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வின் முதன்மைச் சுருளையும் மாற்றுச் சுருளையும் ஒன்றாக இயக்கிச் சோதித்தபோது எஞ்சினுக்குப் போகும் ஓட்டம் நின்றுவிட்டது. வேண்டிய 130 மீ/வியில் 35 மட்டுமே கிடைத்தது என்று இஸ்ரோ சொன்னது. பெரியாப்சிஸை 270 கி.மீ. என்று வைத்து விஸ்-விவா போட்டால் 33 வருகிறது. இரண்டு மீட்டர் எங்கே போயிற்று? சமன்பாடு பர்னைக் கண நேரத்தில் முடிந்ததாக நினைக்கிறது, நிஜ எஞ்சின் பெரியாப்சிஸுக்கு முன்னும் பின்னும் நீண்டு எரிகிறது. மறுநாள் ஒரு கூடுதல் பர்னில் 1,18,642-க்கு ஏற்றிவிட்டார்கள்.

இதே எஞ்சின் வகைதான் ஏன் இத்தனை சுற்று என்பதற்கும் விடை. 440 நியூட்டன் உந்துவிசை, சந்திரயான்-3-இன் எடை 3,900 கிலோ. முடுக்கம் ஒவ்வொரு நொடிக்கும் 0.11 மீ/விதான். நூறு மீ/வி சேர்க்கவே கால் மணி நேரம். தாழ்ந்த பாதையில் அந்தக் கால் மணியில் கலம் பூமியை ஆறில் ஒரு பங்கு சுற்றிவிடும், பர்னின் இரண்டு முனைகளும் வீணாகும். ஆகவே பெரியாப்சிஸ் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. கெர்பலில் அணு எஞ்சினோடு போராடியவர்களுக்கு இது பழைய கதை.

டிஎஸ்என் நவ்: யார் யாரோடு பேசுகிறார்கள்

நாசாவின் ஆழ்வெளித் தொடர்பு வலையமைப்பை நேரலையில் காட்டும் பக்கம். கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா மூன்றிலும் உள்ள கிண்ணங்கள் வரிசையாக நிற்கும், மேலே கலத்தின் சுருக்கப்பெயர். எண்களிலேயே இடம் தெரியும்: 10, 20 வரிசை கோல்ட்ஸ்டோன், 30, 40 கான்பெரா, 50, 60 மாட்ரிட். 14, 43, 63 மூன்றும் 70 மீட்டர் பெருங்கிண்ணங்கள், மற்றவை 34 மீட்டர். பெயர்கள் முதலில் புதிர்தான். பார்க்கருக்கு அதன் பழைய பெயரின் சுருக்கமான எஸ்பிபி, பெர்சிவரன்சுக்கு எம்20, மார்ஸ் ஒடிசிக்கு எம்01ஓ. பெயரிடத்தில் 'டிஎஸ்என்' என்றே இருந்தால் கிண்ணம் சோதனையிலோ பராமரிப்பிலோ இருக்கிறது, புதிய ரகசியக் கலம் ஒன்றும் இல்லை.

கிண்ணத்தைச் சொடுக்கினால் தூரம், ஒளி போய்வரும் நேரம், தரவு வேகம், வாங்கிய சமிக்ஞையின் வலு எல்லாம் வரும். ஒரே கிண்ணத்தில் மூன்று பெயர்கள் தெரிந்தால் பழுதில்லை. செவ்வாய்க் கலங்கள் எல்லாம் வானத்தில் ஏறக்குறைய ஒரே புள்ளி, ஒரு கிண்ணமே பலவற்றைக் கேட்கும். தூரம் -1 என்று வந்தால் தகவல் வரவில்லை என்றுதான் பொருள். கீழே வரும் அலை தரவில்லாத வெற்றுக் கேரியர் மட்டுமா, தரவும் இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். பாதுகாப்பு நிலைக்குப் போன கலம் முதலில் பேசத் தொடங்குவதைப் பெரும்பாலும் இங்கேதான் முதலில் காணலாம், அறிவிப்பு பிறகுதான் வரும்.

கெர்பலின் தொடர்பு அமைப்பான காம்நெட், தொடர்பு உண்டா இல்லையா, வலு எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறது, தாமதம் கிடையாது. தாமதம் வேண்டுபவர்கள் ரிமோட்டெக் மோட் போட்டுக்கொள்வார்கள். நிஜத்தில் அதன் விலை என்ன என்பதற்கு வாயேஜர் 2 சாட்சி. அது தெற்கே இறங்கிப் போவதால் அதற்குக் கட்டளை அனுப்பக் கான்பெராவின் 43-ஆம் கிண்ணம் ஒன்றுதான் உண்டு. 2020 மார்ச்சில் அந்தக் கிண்ணத்தைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, ஏறக்குறைய ஒரு வருடம், இடையில் வந்த சோதனை தவிர, கலத்துக்குக் கட்டளையே போகவில்லை. 2023 ஜூலையில் தவறான கட்டளையால் அதன் ஆன்டெனா பூமியிலிருந்து 2 டிகிரி விலகியது. ஆகஸ்ட் 4 அன்று சரியாயிற்று. அனுப்பிய திருத்தக் கட்டளை வேலை செய்ததா என்று தெரியவே 37 மணி நேரம் காத்திருந்தார்கள். விளையாட்டில் போல, சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போகும் குயிக்லோடு இங்கே கிடையாது.

குறை ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் நாசாவின் வலையமைப்பு மட்டும். ஐரோப்பாவுக்கு 'எஸ்ட்ராக் நவ்' என்று தனிப் பக்கம் இருக்கிறது, இஸ்ரோவின் பயலாலு கிண்ணத்துக்கு இதுபோல் இல்லை. மேலும், கிண்ணத்தில் பெயர் காணவில்லை என்றால் கலம் செத்தது என்று அர்த்தமில்லை. 2024 டிசம்பர் 24-இன் நெருக்கத்தில் பார்க்கர் பல நாள் பேசவே இல்லை, அது திட்டம்தான். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி 26-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்றுமுன், நலமாக இருக்கிறது என்று சொல்லும் பீக்கன் சமிக்ஞை வந்தது.

செலஸ்ட்ராக்கும் டிஎல்இயும்

பூமியைச் சுற்றுபவற்றுக்கு ஹொரைசான்ஸைவிட செலஸ்ட்ராக் தளம்தான் வசதி. டி.எஸ். கெல்சோ 1985-இலிருந்து நடத்திவருவது, கணக்குத் திறக்கத் தேவையில்லை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் எண் 25544. டிஎல்இ என்ற இரண்டு வரிச் சுற்றுப்பாதைத் தரவு கிடைக்கும். படிக்கும்போது மூன்று இடத்தில் கவனம். மையத்தொலைத்தகவுக்குத் தசமப்புள்ளி எழுதமாட்டார்கள், 0006703 என்றால் 0.0006703. கால எண் 25001.5 என்றால் 2025-இன் முதல் நாள் நண்பகல், யுடிசியில். அரைநெட்டச்சு இருக்காது, ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பதுதான் இருக்கும். 15.5 சுற்று என்றால் கெப்ளர் விதிப்படி 6,795 கி.மீ., உயரம் 417.

ஆனால் இந்த எண்களை அப்படியே கெர்பலில் ஒட்டுவது தவறு. டிஎல்இ தருவது எஸ்ஜிபி4 என்ற கணிப்புமுறைக்காகச் சீராக்கிய சராசரிக் கூறுகள், அந்தக் கணத்தின் நிஜப் பாதை அல்ல. எஸ்ஜிபி4 வழியாக ஓட்டி, இடத்தையும் வேகத்தையும் வாங்கி, அதிலிருந்துதான் கூறு எடுக்க வேண்டும். அப்படியும் எடுத்த நேரத்திலேயே ஒரு கிலோமீட்டர் வாக்கில் பிழை உண்டு, ஒவ்வொரு நாளும் கூடும். இதைவிடப் பெரியது விளையாட்டின் பிழை. பூமியின் நடுப்பகுதி உப்பியிருப்பதால் நிலையத்தின் பாதைத்தளம் நாளுக்கு ஏறக்குறைய 5 டிகிரி மேற்கே திரும்புகிறது. கெர்பலின் பூமி சரியான உருண்டை, தளம் அசையாது. ஒரு வாரத்தில் 35 டிகிரி வித்தியாசம். ஆர்பிட்டரில் உருண்டையற்ற ஈர்ப்பு என்ற தேர்வைப் போட்டுக்கொள்ளலாம்.

நிலையத்துக்கு மட்டும் இன்னும் நல்ல வழி இருக்கிறது. நாசாவே அடுத்த பதினைந்து நாளுக்கு நான்கு நிமிட இடைவெளியில் இடமும் வேகமும் தரும் கோப்பை வெளியிடுகிறது. அதை எடுத்துக்கொண்டு டிஎல்இயை மறந்துவிடலாம். செலஸ்ட்ராக்கிலிருந்து நிரல் எழுதி எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். தரவு இரண்டு மணிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும், நிமிடத்துக்கு ஒருமுறை தட்டினால் உங்கள் முகவரியை அடைத்துவிடுவார்கள். பழைய டிஎல்இ வடிவில் கலத்தின் ஐந்து இலக்கப் பட்டியல் எண்ணுக்குத்தான் இடம், புதிதாக எழுதுவதென்றால் ஓஎம்எம் என்ற புதிய வடிவிலேயே தொடங்குங்கள்.

நேரலைத் திரையின் எண்கள்

ஏவுதல் நேரலையின் மூலையில் ஓடும் வேகம் பெரும்பாலும் தரையைச் சார்ந்தது. ராக்கெட் மேடையில் நிற்கும்போது பூச்சியம் காட்டுவதே அடையாளம். கெர்பலின் திசைகாட்டி உருண்டையான நேவ்பாலில் இது 'சர்ஃபேஸ்' நிலை. 'ஆர்பிட்' நிலைக்கு மாற்றினால் கேப் கனாவெரலில் நிற்கும்போதே நொடிக்கு 408 மீட்டர் காட்டும். அதனால்தான் ஃபால்கன் 9 இரண்டாம் நிலை அணையும்போது திரையில் மணிக்கு 27,000 கி.மீ. வாக்கில் காண்கிறோம், சுற்றுப்பாதை வேகமோ 28,000-ஐ ஒட்டியது. எண் குறைவாக இருக்கிறதே என்று பதற வேண்டாம்.

தரையிறக்க நேரலைகளில் கவனிக்க வேண்டியது கட்டங்களின் எல்லை. சந்திரயான்-3-இன் முதல் கட்டமான முரட்டு பிரேக்கிங் 690 நொடி. அதில் கிடைவேகம் 1,680-இலிருந்து 358 மீ/விக்கு இறங்க வேண்டும், உயரம் 30-இலிருந்து 7.4 கி.மீ.க்கு. அடுத்த 10 நொடி கலத்தின் நிலையைச் சரிசெய்ய மட்டும். பிறகு 175 நொடி நுண் பிரேக்கிங். விளையாட்டில் கடைசி நொடியில் முழு எஞ்சினைத் திறந்து இறங்குபவர்களுக்கு இந்த நிதானம் வீண்செலவாகத் தோன்றும். முதல் கட்டத்தின் சராசரிக் கிடைமுடுக்கம் ஒவ்வொரு நொடிக்கும் 1.9 மீ/வி, நிலவின் ஈர்ப்போ 1.6. வழி முழுக்க ஈர்ப்போடும் மல்லுக்கட்டுவதால் எரிபொருள் கூடுதலாகப் போகத்தான் செய்யும். பதிலுக்கு, கேமராவுக்கும் உயரமானிக்கும் பார்க்க நேரம் கிடைக்கிறது.

செவ்வாய்க்கு வந்தால் நேரக் குறிப்பைப் பாருங்கள்: கலத்தில் நடந்த நேரமா, பூமியில் கேட்ட நேரமா? 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் இறங்கியது 20:55 யுடிசி என்று சொல்வது கேட்ட நேரம். ஒளித் தாமதம் 11 நிமிடம் 22 நொடி. ஹொரைசான்ஸின் வெக்டார் அட்டவணையோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் 20:44 வாக்கில் தேட வேண்டும், அதோடு அந்த 69 நொடியையும் சேர்த்துக்கொண்டு.